பிராக்டிகல் பிஸ்டல் பயிற்சி: வீட்டிலா, ரேஞ்சிலா?

நகர்ந்துகொண்டே பல இலக்குகளை வேகமாகச் சுடும் பிராக்டிகல் பிஸ்டல் போட்டிக்குத் தயாராகிற எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான்: தோட்டா இல்லாத துப்பாக்கியோடு வீட்டிலேயே பழகும் டிரை ஃபயரா, ரேஞ்சுக்குப் போய் நிஜமாகவே சுடும் லைவ் ஃபயரா? இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் மிஞ்சுவது சில மணி நேரம், தோட்டாவுக்கு ஒதுக்க முடிகிற பணமும் ஓர் அளவுதான். எதற்கு எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் மாதம் ஒரு யூஎஸ்பிஎஸ்ஏ (அங்கே இந்த விளையாட்டை நடத்தும் சங்கம்) கிளப் போட்டியில் சுடுகிற, திறன் வரிசையில் சி வகுப்பிலிருந்து பி-க்கோ, பி-யிலிருந்து ஏ-க்கோ ஏற நினைக்கிற ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் புள்ளிக் கணக்கு. பயிற்சித் திட்டம் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். துல்லியம், தோட்டாவின் வலு, வேகம் மூன்றையும் சேர்த்தே எடைபோடுவது, 1976-இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சி உருவான காலத்திலிருந்து வரும் கொள்கை. எடுத்த புள்ளியை ஆன நேரத்தால் வகுத்தால் கிடைப்பது ஹிட் ஃபேக்டர். ப்ரொடக்‌ஷன், கேரி ஆப்டிக்ஸ் என்ற துப்பாக்கிப் பிரிவுகளில் எல்லோருக்கும் மைனர் கணக்குதான், அதாவது வலு குறைந்த தோட்டாவுக்கான கணக்கு: இலக்கின் நடுவிலுள்ள ஏ பகுதியில் பட்டால் 5, அதைச் சுற்றிய சி-யில் 3, வெளியோர டி-யில் 1. குறி தவறினால் கிடைக்க வேண்டிய 5 போவதோடு இன்னும் 10 கழியும்.

ஐபிஎஸ்சி-யின் முதல் தலைவர் ஜெஃப் கூப்பர் வகுத்த எல் பிரெசிடென்டே பயிற்சியை எடுத்துக்கொள்வோம். 10 கஜத்தில் மூன்று இலக்குகள். அவற்றுக்கு முதுகு காட்டி நின்று, டைமரின் பீப் கேட்டதும் திரும்பி, துப்பாக்கியை உருவி, ஒவ்வொன்றிலும் இரண்டு தோட்டா; தோட்டா அடுக்கிய மேகசினை மாற்றி, மறுபடியும் இரண்டிரண்டு. மொத்தம் 12 தோட்டா, 60 புள்ளி. 6 விநாடியில் எல்லாமே ஏ என்றால் ஹிட் ஃபேக்டர் 10. இன்னொருவர் 5 விநாடியில் முடித்து 8 ஏ, 3 சி, 1 டி அடித்தால் 50 புள்ளி. அவருக்கும் அதே 10. மூன்றாமவரும் 5 விநாடிதான், ஆனால் 9 ஏ, 2 சி, ஒரு மிஸ். 41 புள்ளி; 8.2-க்கு இறங்கிவிட்டார். இரண்டாமவரைவிட ஏ அதிகம் அடித்தவர் அவர்தான் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம், அந்த ஒரு மிஸ் அதையெல்லாம் தின்றுவிட்டது.

"முதலில் வேகம், துல்லியம் தானாக வரும்" என்று ஒரு கட்சி, "முதலில் ஏ அடி, வேகம் தானாக வரும்" என்று ஒரு கட்சி. மேலே உள்ள கணக்கு இரண்டையுமே முழுதாக ஆதரிக்கவில்லை. ஹிட் ஃபேக்டர் 10 வருகிற ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்றில்) ஒரு புள்ளியின் விலை 0.1 விநாடி, ஏ-க்குப் பதில் சி அடித்தால் நஷ்டம் 0.2 விநாடிதான். நீண்ட ஓட்டமும் தூரத்து இலக்குகளும் உள்ள, ஹிட் ஃபேக்டர் 4 வருகிற ஸ்டேஜில் அதே சி 0.5 விநாடியை விழுங்கும். அங்கே ஒரு மிஸ் என்றால் 15 புள்ளி, ஏறக்குறைய 3.75 விநாடி. அத்தனை நேரத்தை விரல் வேகத்தால் யாராலும் மீட்க முடியாது. எனவே வேகமா துல்லியமா என்பதை ஒருமுறை தீர்த்து வைத்துவிட முடியாது. கிட்ட இருக்கும் இலக்குகளுக்கு வேகப் பயிற்சி, எட்ட இருப்பவற்றுக்கு விசைப் (ட்ரிகர்) பயிற்சி என்று தனித்தனி நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே அமர்வில் இரண்டையும் கலந்து சுடுகிறவர்களுக்கு இரண்டிலுமே அரைகுறைப் பழக்கம்தான் ஏறுகிறது.

சரி, டிரை ஃபயருக்கு வருவோம். அதன் பெரிய பலம், நேரத்தைத் தின்னும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டாவே தேவையில்லை என்பது. இடுப்பு உறையான ஹோல்ஸ்டரிலிருந்து உருவுவது, மேகசின் மாற்றுவது, ஒரு இலக்கிலிருந்து அடுத்ததற்குக் கண்ணைத் தாவவிட்டுத் துப்பாக்கியைக் கண்ணின் பின்னாலேயே கொண்டு போவது, நிற்கும் இடத்திலிருந்து கிளம்புவது, வந்து நிற்பது எல்லாமே கூடத்தில் பழகலாம். இடம் சிறியது என்றால் மூன்றில் ஒரு பங்கு அளவிலான இலக்கைச் சுவரில் ஒட்டி 10 அடியில் நின்றால், கண்ணுக்கு அது 10 கஜத்தில் இருக்கும் முழு இலக்காகத் தெரியும்.

மேகசின் மாற்றுவதை மட்டும் பாருங்கள். பெருவிரல் பட்டனை அழுத்தும்போதே இடக்கை இடுப்புப் பையை நோக்கிக் கிளம்பியிருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் மேகசினின் முன்பக்கத்தில் நீண்டு படுத்து, முதல் தோட்டா இருக்கும் இடத்தைத் தொட்டபடி வர வேண்டும். துப்பாக்கி முகத்துக்கு முன்னாலேயே நிற்க, கண் இலக்கை விட்டு மேகசின் நுழையும் வாயைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் திணிப்பவர்கள் விளிம்பில் இடித்து, மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் அங்கே தொலைப்பார்கள். வாய்வரை கொண்டுவந்து நிறுத்தி, சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோவதே ஒரு தனிப் பயிற்சி. ரேஞ்சில் ஒரு மணி நேரத்தில் இதைச் சில தடவை செய்யலாம். வீட்டில் கால் மணி நேரத்திலேயே அதைவிட அதிகம் செய்துவிடலாம்.

இனி அதன் பலவீனம். டிரை ஃபயர் கைப்பிடியைப் பற்றிப் பொய் சொல்லும். துப்பாக்கி உதைக்காததால் இடக்கை மெல்லத் தளர்ந்துவிடும், அது நமக்குத் தெரியவே தெரியாது. விசையும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறு. க்ளாக் போன்றவற்றில் ஒருமுறை அழுத்தியதும் விசை செத்துவிடும், ஸ்லைடை இழுத்தால்தான் மறுபடி உயிர் வரும். சிலர் ஸ்லைடு முழுதாக மூடாதபடி நடுவில் காகிதத் துண்டு வைத்து விசையை அசைய விடுகிறார்கள். உருவிப் பழக அது போதும், விசைப் பயிற்சிக்குப் போதாது. சிஇசட் ஷேடோ 2 போன்ற டபுள் ஆக்‌ஷன் துப்பாக்கிக்காரருக்கு (விசையை இழுத்தாலே சுத்தியல் எழுந்து இறங்கும் வகை) இங்கே அனுகூலம் அதிகம். ப்ரொடக்‌ஷனில் சுத்தியல் இறங்கிய நிலையில்தான் தொடங்க வேண்டும் என்பதால், முதல் குண்டின் அந்த நீண்ட, கனமான இழுப்பை அவர் வீட்டில் அப்படியே பழகலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழகும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. அறையைக் காலி செய்து, சேம்பரையும் (தோட்டா வெடிக்கும் அறை) மேகசின்களையும் கண்ணாலும் விரலாலும் பார்த்து, குண்டைத் தாங்கும் சுவரை நோக்கித்தான் நிற்க வேண்டும். வீட்டுக்குள் தவறுதலாகத் துப்பாக்கி வெடிப்பது பல சமயம் பயிற்சி முடிந்து, தோட்டா போட்ட பிறகு, "கடைசியாக ஒரே ஒரு தடவை" என்று எடுக்கும்போதுதான். முடிந்தது என்றால் முடிந்ததுதான்.

லைவ் ஃபயர் கற்றுத் தருவதை வேறெதுவும் கற்றுத் தராது. குண்டு கிளம்பிய கணத்தில் முன்சைட் (குழல் நுனியிலுள்ள குறிமுனை) எங்கே இருந்தது என்று பார்த்து, இலக்கைப் போய்ப் பார்க்காமலே "இது ஏ, அது சி" என்று சொல்லத் தெரிவதுதான் இந்த விளையாட்டின் உயிர். ரேஞ்சில் ஆறு குண்டு சுட்டு, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, அப்புறம் நடந்துபோய்ச் சரிபாருங்கள். சொன்னதும் பட்டதும் பொருந்தவில்லை என்றால் கண் சைட்டில் இல்லை, எங்கோ அலைகிறது. 7 கஜத்தில் இரண்டிரண்டாக வேகமாகச் சுட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. வலக்கைக்காரருக்கு இரண்டாவது குண்டு தொடர்ந்து இடப்பக்கம் கீழே போனால், உதையை எதிர்பார்த்துத் துப்பாக்கியைத் தள்ளுகிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். டிரை ஃபயரில் இது தலைகாட்டாது.

ஆனால் லைவ் ஃபயருக்கு நடைமுறைத் தடைகள் நிறைய. உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் ஹோல்ஸ்டரிலிருந்து உருவ விட மாட்டார்கள், வேகமாகச் சுட விட மாட்டார்கள், நகர்வதற்கோ வாய்ப்பே இல்லை. அங்கே போய் 200 தோட்டாவை நின்ற இடத்தில் நிதானமாகச் செலவழிப்பதைப் போட்டிப் பயிற்சி என்று நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். 2020, 2021-இல் தோட்டாத் தட்டுப்பாடு வந்து 9 எம்எம் விலை பல மடங்கு ஏறியபோது, வீட்டுப் பயிற்சி இல்லாதவர்களின் திட்டம் மொத்தமும் அப்படியே நின்றுபோனது.

மாதப் போட்டியே பயிற்சிதானே என்பவர்களுக்கு: ஐந்தாறு ஸ்டேஜ், ஏறக்குறைய 150 தோட்டா, நாள் முழுக்க வெயில்; டைமர் ஓடும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடம்தான். போட்டி ஒரு பரீட்சை, அதில் பாடம் படிக்க நேரமில்லை.

இரண்டையும் எடைபோட்டால் என் தீர்ப்பு வீட்டுப் பக்கம்தான் சாய்கிறது. தினம் 20 நிமிடம் டிரை ஃபயர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உருவவும் நகரவும் அனுமதிக்கிற ரேஞ்சில் 150, 200 தோட்டா. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மொத்தமாகப் பழகுவதைவிடத் தினம் கொஞ்சம் பழகுவது மேல். அரை மணி தாண்டினால் கவனம் போய், கை மட்டும் அசைந்துகொண்டிருக்கும். அந்த அசைவும் பழக்கமாகிவிடும் என்பதுதான் ஆபத்து.

டைமரை எப்படி வைப்பது என்பதிலும் இரண்டு வழி. சிலர் இலக்கு நேரத்தை வைத்து, அதற்குள் முடிக்க முடிந்ததும் 0.1 விநாடி குறைத்துக்கொண்டே போவார்கள். சிலர் டைமரே இல்லாமல் அசைவைச் சுத்தம் செய்வார்கள். முதல் வழியில் ஒரு பொறி இருக்கிறது: பீப்புக்குள் முடிக்கும் ஆசையில் சைட்டைப் பார்க்காமலே விசையை அழுத்திவிட்டு, முடித்துவிட்டேன் என்று நம்பிவிடலாம். 20 நிமிடத்தில் முதல் ஐந்து டைமர் இல்லாமல், பிறகு டைமரோடு என்று பிரித்துக்கொண்டால் இரண்டின் பலனும் கிடைக்கும். லேசர் தோட்டா, செயலி வகையறாக்கள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

எந்த நாள் எதைப் பழகுவது என்பதைப் பிடித்த பயிற்சிகளை வைத்து எழுதாதீர்கள். கடைசி இரண்டு மூன்று போட்டிகளின் முடிவுகளை எடுத்து, உங்கள் பிரிவில் முதலாவதாக வந்தவரோடு ஸ்டேஜ் ஸ்டேஜாக ஒப்பிடுங்கள். புள்ளியில் அவருக்குச் சமமாக இருந்தும் நேரத்தில் பின்தங்கினால், வாரத்தில் நான்கு நாள் நகர்வும் மேகசினும். நேரம் சமமாக இருந்தும் மிஸ், டி என்று போயிருந்தால், தூரத்து இலக்குகளுக்கான விசைப் பயிற்சியும் ரேஞ்சில் குண்டைச் சொல்லிச் சுடுவதும். போட்டிக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் தொடாமல், பிடியையோ நிற்கும் விதத்தையோ மாற்றாமல், பத்துப் பத்து நிமிடம் உருவி, ஒரே இலக்கில் சைட்டைப் பார்த்துப் பழகினால் போதும்.