கரையோர மழையில் ப்ளூ ட்ரீம்: 52 டொலர் விதை எனக்குச் சரிவந்ததா?

வாசனைக்காகத்தான் ப்ளூ ட்ரீம் என்ற இந்தக் கஞ்சா விதையை வாங்கினேன். பக்கெற்றில் "புளூபெரி வாசனை, ஒக்டோபர் தொடக்கத்தில் அறுவடை" என்று போட்டிருந்தது. பெண் செடியாகவே வருகிற விதை நாலு, 52 டொலர். வாசனை விஷயத்தில் ஒரு பொய்யும் இல்லை. அந்த "ஒக்டோபர் தொடக்கம்"தான் என்னைக் கவிழ்த்தது.

இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவில், சரே நகரில். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதி. பெரியவர்கள் ஒரு வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம். எங்கள் மாகாணத்தில் தெருவில் நின்று பார்த்தால் செடி கண்ணில் படக்கூடாது. அதனால் பின்வளவில், 8க்கு 12 அடி பொலிகார்பனேட் குடிலுக்குள், பூட்டுப் போட்டுத்தான் வளர்த்தேன். பேரப்பிள்ளைகள் ஓடித்திரிகிற வீடு, அந்தப் பூட்டை ஒரு நாளும் மறந்ததில்லை. கியூபெக்கில் இருப்பவர்கள் இதைப் பார்த்து விதை வாங்க வேண்டாம், அங்கே வீட்டில் வளர்க்கத் தடை.

ப்ளூ ட்ரீம் என்பது ப்ளூபெரி, ஹேஸ் என்ற இரண்டு கஞ்சா வகை சேர்ந்த கலப்பு, கலிபோர்னியாவில் பேர் எடுத்தது. பழவாசனை ப்ளூபெரியின் சொத்து. உயரமும் ஆறுதலாகப் பூத்து முற்றுகிற குணமும் ஹேஸிடமிருந்து வந்தது. வாங்குமுன் நான் யோசித்திருக்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

மே முதல் கிழமை போட்டேன். நாலும் முளைத்தன, ஒன்றும் பழுதில்லை. ஜூனில் நுனி கிள்ளிவிட்டேன், அப்படியும் ஓகஸ்டில் கூரையை முட்டிவிட்டது. இந்தச் செடி இரவு நீள்வதைப் பார்த்துத்தான் பூக்கும். இங்கே ஜூன் கடைசியில் பகல் 16 மணித்தியாலம். இரவு போதுமான அளவு நீண்டு பூ வர ஓகஸ்ட் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதிலிருந்து ஒன்பது, பத்துக் கிழமை எண்ணிப் பாருங்கள், ஒக்டோபர் 20ஐத் தொடும். எங்கள் கரையோரத்தில் அந்த நேரம் மழை வந்து குந்திவிடும்.

செப்டெம்பர் மாதம் என்றால் சொர்க்கம். காலையில் கதவைத் திறந்தால் நாவற்பழமும் நன்றாகப் பழுத்த விளாம்பழமும் சேர்ந்த மாதிரி ஒரு மணம் முகத்தில் அடிக்கும். பூவின் பக்கத்து இலையை விரலால் உரசினால் அந்தப் பிசினும் மணமும் சோப் போட்டாலும் மத்தியானம் வரை போகாது. மனைவிக்கு அது பிடிக்கவே இல்லை, குசினி யன்னலைச் சாத்தியே வைத்திருந்தார். எனக்கு அபொட்ஸ்ஃபோர்ட் புளூபெரித் தோட்டங்கள் ஜூலையில் மணப்பதுதான் ஞாபகம் வந்தது.

ஒக்டோபர் 6ஆம் திகதி, நாலு நாள் விடாமழைக்குப் பிறகு, நடுச்செடியின் தலைப்பூவில் ஒரே ஒரு சின்ன இலை மஞ்சளாக நின்றது. மற்றதெல்லாம் பச்சை. பிடித்து இழுத்தேன், ஒட்டே இல்லாமல் கையோடு வந்தது. பூவை விரித்துப் பார்த்தால் உள்ளே தண்டு மண்ணிறமாக அழுகி, சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி. ஊதினால் தூள் பறந்தது. சாம்பல் பூஞ்சணம், பொட்ரைற்றிஸ். வெளியே இருந்து பார்க்கும்போது முழங்கை நீளத்துக்கு அழகான பூ. உள்ளே பாதி போய்விட்டது. ஒன்பது நாளில் இரண்டு செடியின் தலைப்பூ எல்லாவற்றையும் வெட்டிக் குப்பையில் போட்டேன். பூஞ்சணம் பிடித்ததை "அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு" வைத்திருக்க நினைக்காதீர்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகிற சாமான்.

பதினொரு வருஷமாக டெல்ராவில் ஒரு குடைமிளகாய்க் கிரீன்ஹவுஸில் வேலை செய்கிறேன். அங்கே விடிய முந்தியே சுடுநீர்க் குழாயைச் சூடாக்கி, கூரை யன்னலை ஒரு விரற்கடை திறந்துவிடுவோம். காரணம் இதுதான்: சூரியன் ஏறினதும் காற்று சட்டென்று சூடாகும், ஆனால் பழமும் தண்டும் இரவுக் குளிரிலேயே நிற்கும். அந்தக் குளிர்ந்த தோலில் ஈரம் பனியாகப் படியும், பூஞ்சணத்துக்கு அது போதும். பூ மொத்தமாக இறுகி இருந்தால் உள்ளே படிந்த ஈரம் காயவே காயாது. இத்தனையும் தெரிந்த நான் வீட்டில் செய்தது, குளிர் வருகிறது என்று கதவையும் யன்னலையும் இறுக்கிச் சாத்தியது. ஈரப்பதமானி காலையில் 97 வீதம் காட்டிக்கொண்டு நின்றது. மழைக்குக் குடை பிடித்தேன் என்று நினைத்தேன், உண்மையில் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்திருந்தேன்.

7ஆம் திகதியிலிருந்து மாற்றினேன். விடிய நாலு மணிக்கு 1500 வாட் ஹீற்றர், கூடவே மேல் யன்னல் சற்றுத் திறப்பு, மின்விசிறி இரவு பகலாக. உள்ளே அடர்ந்த இலைகளைக் களைந்தேன், தண்ணீர் காலையில் மட்டும். ஈரம் 80க்குக் கீழே இறங்கியது. பக்கக் கிளைகளில் இருந்த சின்னப் பூக்கள் தப்பினதெல்லாம் இதனால்தான். 19ஆம் திகதி, முற்ற இன்னும் ஒரு கிழமை இருக்க, மனமில்லாமல் வெட்டினேன். கீழ் அறையில் 12 நாள் நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்தேன். யாழ்ப்பாணத்தில் அப்பு புகையிலை காயப்போட்டதைப் பார்த்த கைக்கு அவசரம் வரவில்லை. காய்ந்தபின் நிறுத்தால் 290 கிராம். போனதும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்.

விதைக் கொம்பனிக்குப் படத்தோடு எழுதினேன். காலநிலை தங்கள் கையில் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சரி, மழை அவர்கள் கையில் இல்லை. ஆனால் பக்கெற்றில் போடும் திகதி அவர்கள் கையில்தானே? "ஒக்டோபர் தொடக்கம்" எந்த ஊரில் என்று எழுத இரண்டு சொல் போதும். 49ஆவது அகலக்கோட்டில் இருக்கிறவனுக்கும் கலிபோர்னியாக்காரனுக்கும் ஒரே திகதி சொல்லி விற்பது நியாயமில்லை.

முளைப்புக்கும் மணத்துக்கும் முழுப் புள்ளி தருவேன். கெலோனாப் பக்கம், மாகாணத்தின் உட்பகுதியில் ஒகனாகன் வரட்சியில் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். என் மருமகன் அங்கே இதே விதையைப் போட்டு ஒரு பூவும் அழுகாமல் எடுத்தான். வன்கூவர், சரே, வன்கூவர் தீவுப் பக்கம் என்றால் வாங்காதீர்கள். ஹீற்றரும் விசிறியும் முதல் நாளிலிருந்தே ஓடும் என்றால் மட்டும் பாருங்கள், கரண்ட் காசையும் விதை விலையோடு கூட்டிக்கொண்டு.

இந்த முறை நான் வாங்கி வைத்திருப்பது பகல் நீளம் பார்க்காமல் வயசுக்குப் பூக்கிற ஓட்டோ வகை. மேயில் போட்டால் ஓகஸ்டில், எங்கள் காய்ந்த மாதத்திலேயே, வெட்டிவிடலாம். அதன் மணம் ப்ளூ ட்ரீமுக்குக் கிட்ட வருமா என்று ஓகஸ்டில் வந்து எழுதுகிறேன்.