மேரி வின்ட்சருக்காக வாங்கிய வட்டு: 'தி நேரோ மார்ஜின்' டிவிடி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் இன்னும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவைக் கடக்கையில் பலருக்கும் அங்கே உருவான 'மந்திரி குமாரி' படம் நினைவுக்கு வரும். எனக்கோ மேரி வின்ட்சர் நினைவுக்கு வருவார். அந்த நிலையத்தின் அதிபர் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கர்களுடன் கூட்டுச் சேர்ந்து தயாரித்து, 1952-இல் வெளியான 'தி ஜங்கிள்' படத்தில் இளவரசியாக நடித்தவர் அவர். தமிழில் அது 'காடு'. நம் யானைகளுக்குச் சடைமுடி போர்த்தி, அழிந்துபோன மம்மத் யானைகளாக உலவவிட்ட அந்தப் படத்தில், பட்டுடுத்தி நிற்பதைத் தவிர அவருக்குப் பெரிதாக வேலை இல்லை. அதே ஆண்டில் வெளிவந்த 'தி நேரோ மார்ஜின்' படத்தைப் பார்த்தால்தான் எப்பேர்ப்பட்ட நடிகையை வெறும் அலங்காரமாக நிறுத்தினார்கள் என்பது புரியும். அதற்காகவே இந்த வட்டை அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மூலம் வரவழைத்தேன்.

கொல்லப்பட்ட ரௌடித் தலைவன் ஒருவனின் மனைவியை, சாட்சி சொல்வதற்காக, சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ரயிலில் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டிய காவலராக சார்லஸ் மெக்ரா நடித்திருக்கிறார். கொலையாளிகளும் அதே வண்டியில் ஏறிவிடுகிறார்கள்; ஆனால் அவள் முகம் அவர்களுக்குத் தெரியாது. கதை இவ்வளவுதான், நீளமும் 71 நிமிடங்கள்தான். இயக்குநர் ரிச்சர்ட் ஃபிளெய்ஷர் பின்னணி இசையே இல்லாமல், சக்கரங்களின் தடதடப்பையும் வண்டியின் ஊதலையும் மட்டும் வைத்துப் பதற்றத்தை ஏற்றுகிறார். ஏற்காடு எக்ஸ்பிரஸில் தூக்கம் வராமல் மேல் பெர்த்தில் புரண்டவர்களுக்கு இந்த ஓசை அந்நியமாக இருக்காது. பெட்டியின் அரங்கை ஆட்டாமல், கேமராவைக் கையில் பிடித்து அசைத்தே ஓட்டத்தை உணர்த்தியிருக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகும் கண் ஏமாறுகிறது.

படத்தைத் தாங்குபவர் மேரி வின்ட்சர்தான். தன்னைக் காப்பாற்ற வந்தவனின் கூட்டாளி தன் பொருட்டே படிக்கட்டில் சுடப்பட்டு விழுந்த பிறகும், தன் உயிரைப் பற்றி மட்டுமே பேசும் பெண்ணாக அவர் வருகிறார். அந்த அலட்சியத்துக்காக நாம் அவளை வெறுக்கத் தொடங்கும்போதே, அகன்ற அந்தக் கண்கள் ஒரு கணம் கதவுப் பக்கம் திரும்பி மீள்வதில் அவளுடைய அச்சமும் தெரிந்துவிடுகிறது. ஒரு காட்சியில் அவர் சலிப்போடு நகத்தை அராவிக்கொண்டிருக்க, அந்தக் கையசைவு அப்படியே ரயில் சக்கரத்தின் அசைவாக மாறுகிறது. படத்தொகுப்பின் நயம் என்று இதைப் பலரும் பாராட்டுவார்கள். அந்தக் கையில் இருக்கும் எரிச்சல் மிகச் சரியான வேகத்தில் இருப்பதால்தான் அந்த மாற்றம் பொருந்துகிறது என்பேன். பிற்பகுதியில் வரும் திருப்பத்தைச் சொல்ல மாட்டேன். அதை அறிந்தபின் இரண்டாம் முறை பார்க்கும்போது, அவருடைய ஒவ்வொரு வசனத்துக்கும் வேறொரு பொருள் கிடைக்கிறது. முதல் முறை அதைத் துளியும் கசியவிடாமல் நடித்திருப்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

குறைந்த செலவில் எடுக்கப்படும் இரண்டாம் தரப் படங்களை ஹாலிவுட்டில் 'பி படங்கள்' என்பார்கள்; இவருக்குக் கிடைத்த பட்டம் 'பி படங்களின் ராணி'. பாராட்டா, ஓரங்கட்டலா என்று தெரியாத பட்டம். 1956-இல் ஸ்டான்லி குப்ரிக் 'தி கில்லிங்' படத்தில் கணவனைச் சொல்லாலேயே குத்திக் கிழிக்கும் மனைவியாக இவரைப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகும் பெரிய படங்களின் நாயகி வேடங்கள் இவரைத் தேடி வரவில்லை. நல்ல உயரம் அவருக்கு. நாயகர்கள் பக்கத்தில் நிற்கத் தயங்கியிருந்தால் வியப்பில்லை.

வட்டைப் பற்றி: கறுப்பு வெள்ளைப் படிமம் தெளிவாக, நிழல்கள் கரைந்துவிடாமல் இருக்கின்றன. துணைத்தலைப்பு ஆங்கிலத்தில் உண்டு. வேகமாகப் பேசும் பாத்திரங்களுக்கு அது தேவைப்படும். மற்றொரு ஹாலிவுட் இயக்குநரான வில்லியம் ஃபிரெட்கினின் விளக்கவுரை, இடையிடையே ஃபிளெய்ஷரின் குரலோடு, ஒருமுறை கேட்கத் தக்கது. ஆனால் மேரி வின்ட்சருக்கென்று தனியாக ஒரு பத்து நிமிடப் பகுதிகூட இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. இன்னொன்று, இது வட அமெரிக்காவுக்கான மண்டலம் 1 வட்டு. என் வீட்டுப் பிளேயர் இதை ஏற்க மறுத்து இரண்டு முறை வெளியே தள்ளியது; மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கித்தான் பார்த்தேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் பிளேயரைச் சோதித்துக்கொள்ளுங்கள். பின்னட்டையில் உள்ள கதைச் சுருக்கத்தைப் படம் முடிந்த பிறகு படியுங்கள்.