தரையைத் துளைக்காமல் ஒட்டிய பார்ட்டிசன்: சில மாரி கடந்த பிறகு

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் மேல்மாடி ஹோலைப் பிரித்து அம்மாவுக்கு ஓர் அறை எடுத்தோம். ஜிப்சம் போர்ட் பார்ட்டிசன்தான். ஆனால் பாத்ரூமுக்குப் போகிற தண்ணீர்க் குழாய் டைல்ஸுக்குக் கீழே சீமெந்துக்குள் ஓடுகிறது. எந்தப் பக்கத்தால் என்று சொல்ல வரைபடம் இல்லை. ட்ரில் போட்டு அடிச்சட்டத்தை, அதாவது சுவரின் அடியில் தரையோடு படுக்கிற தகரச் சட்டத்தை, இறுக்கலாம் என்றார் வேலை செய்த பாஸ். நான் சம்மதிக்கவில்லை.

டொரொன்டோவில் கட்டட வேலை செய்கிற மச்சானிடம் கேட்டேன். அங்கே குளிருக்காகக் கொங்கிறீட் தரைக்குள் பிளாஸ்டிக் குழாய் பதித்துச் சுடுநீர் ஓடவிடுவார்கள். ஓர் ஆணி குழாயில் பட்டால் தரையை உடைக்க வேண்டியதுதான். அதனால் வெப்பக் கமராவால் குழாய்த் தடத்தைக் குறித்துக்கொண்டு துளைப்பார்கள், இல்லையென்றால் அடிச்சட்டத்தைப் பசையால் ஒட்டிவிடுவார்கள். "பாரம் தாங்காத சுவர்தானே மச்சான், மேலயும் பக்கத்திலயும் இறுக்கினா நிக்கும். கீழ வழுக்காம இருந்தாக் காணும்" என்றார். எங்கள் குழாயில் சூடு இல்லாததால் கமரா வழி சரிவராது. பொலியூரித்தேன் பசையை எடுத்தோம்.

ஒட்டுவதற்கு முன் செய்கிற வேலைதான் எல்லாம். பசை பிடிப்பது டைலை. அந்த டைல் சீமெந்தைப் பிடிக்காமல் இருந்தால் பலனில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, வெறுமையாக ஒலித்தவற்றை மாற்றினோம். மினுங்கும் மேற்பரப்பை உப்புத்தாளால் உரசித் துடைத்தோம். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. கீழே டைல், மேலே தகரச் சட்டம், இரண்டும் ஈரம் விடாதவை என்பதால் உள்ளே காய நாளெடுக்கும். அதுவரை போர்ட் அடிக்கவில்லை.

நீளப் பக்கம் இன்றுவரை அசையவில்லை. பலவீனம் கதவடியில்தான். அங்கே அடிச்சட்டம் அறுபட்டு நிற்கிறது. கச்சான் காற்றில் கதவு அடிபடும்போதெல்லாம் இடி முழுக்க அந்த முனைக்கே போகும். ஒரு பக்கம் பசை விட்டது. நிலைக்கால்களுக்குள் பலகை வைத்து, மேல் கொங்கிறீட் வரை ஏற்றி இறுக்கி, அடியைத் திரும்ப ஒட்டினோம். கதவு வைக்கிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள், தயவுசெய்து.

இன்னொன்று உப்புக்காற்று. கடற்பக்க முனையில் தரை துடைக்கும் தண்ணீர் தேங்கித் தகரத்தில் கறள் தொடங்கியது. சுரண்டிப் பூச்சடித்து, இரு ஓரமும் சிலிக்கன் போட்ட பிறகு பரவவில்லை. போர்ட்டைத் தரையிலிருந்து 1 சென்ரிமீற்றர் உயர்த்தி அடித்ததால் மாரியிலும் அது ஊதவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த முறை வேண்டாம். சட்டத்தை அறுத்து எடுத்தாலும் பசை டைலில் ஒட்டியே கிடக்கும், சில டைல் கூடவே பெயர்ந்து வரும்.