குல்மார்க் போய்வந்த காசிமேட்டு ஐஸ்காரன்

காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் 26 வருஷமாக வேலை. பார் ஐஸை மிஷினில் விட்டு உடைத்து, படகுக்கு ஏற்றுவதுதான் தொழில். காஷ்மீரில் குல்மார்க் போகலாம் என்று மகள் ஆரம்பித்தபோது, காசு கொடுத்து ஐஸைப் பார்க்கப் போவதா என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்களுக்கு நிம்மதியான லீவு என்றால் ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஆனால் அப்போது போனால் ஊருக்குள் பனி கரைந்து புல் தெரிய ஆரம்பித்திருக்கும். அதனால் கெஞ்சிக் கூத்தாடி பிப்ரவரியில் லீவு வாங்கினேன். 2024 ஜனவரியில் பனியே விழாமல் அந்த ஊர் காய்ந்து கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? அதனால் டிக்கெட் போடும் முன் அங்கே பனி விழுகிறதா என்று தினம் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம்.

சென்ட்ரலில் அந்தமான் எக்ஸ்பிரஸ் ஏறி கட்ரா, அங்கிருந்து வந்தே பாரத்தில் ஸ்ரீநகர். வழியில் வரும் செனாப் ஆற்று ரயில் பாலம் 359 மீட்டர் உயரமாம். நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். பனி நாட்களில் டங்மார்க்கில் இறங்கி, டயருக்குச் சங்கிலி கட்டிய வண்டியில் மாற வேண்டும். கடைசி 13 கிலோமீட்டர் அப்படித்தான் ஏறினோம்.

என் ஒரே பெரிய வருத்தம் அந்த டங்மார்க்கில்தான். வழியில் ஒரு கடையில் கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்தோம். பார்த்தால் நம்ம கம்பூட்ஸ்! ஐஸ் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு போட்டதை, இங்கே வாடகை கொடுத்துப் போட்டேன். அதிலும் அவசரத்தில் நான் பார்க்காமல் விட்டது: இடது பூட்ஸில் கணுக்கால் மடிப்பில் வெடிப்பு. அரை மணி நேரத்தில் சாக்ஸ் சொதசொதவென்று ஆகி, சாயங்காலம் வரை விரல் மரத்துப் போயிருந்தது. இத்தனை வருஷ அனுபவத்துக்கு இது வெட்கக்கேடு. ஆகவே பூட்ஸை வாங்கியதும் மடித்துப் பாருங்கள். ரப்பர் அங்கேதான் முதலில் விடும். உள்ளே கைவிட்டு ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுத்து உல்லன் சாக்ஸ் போடுங்கள். இறுக்கமான பூட்ஸில் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சில்லிடும்.

ஊரைப் பற்றிச் சொல்கிறேன். குல்மார்க்கே கிட்டத்தட்ட நம்ம தொட்டபெட்டா உயரம். அங்கிருந்து கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரை, 1998-இல் வந்தது. இரண்டாவது 2005-இல் வந்தது. அபர்வத் மலையில் சுமார் 3,980 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. ஒரு பெட்டியில் ஆறு பேர். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும். காற்று பலமாக அடித்தால் மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு முதல் நாள் அதுதான் நடந்தது. இரண்டு ராத்திரி தங்கியதால் மறுநாள் காலை போக முடிந்தது. ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மேலே இறங்கி ஒரு கைப்பிடி அள்ளிப் பிசைந்தேன். ஒட்டவில்லை. கோலமாவு மாதிரி உதிர்ந்தது. நான் 26 வருஷமாக அள்ளிய ஐஸ் ஈரமாக, கனமாக இருக்கும். இது கையில் எடையே இல்லை. இந்த உலர்ந்த பனிக்காகத்தான் பனிச்சறுக்கு ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். என் மனைவி மட்டும், "இன்னாங்க இது, இதுக்கா இம்மாந்தூரம்? உங்க சட்டைய உதறுனா இதுதானே கொட்டும்?" என்றாள். அப்புறம் சும்மா இருந்தாளா? சறுக்குக் கட்டையில் மகளுக்கு முன்னால் இவள்தான் ஏறி நின்றாள்.

புதிதாகக் கற்பவர்கள் மேலே போக வேண்டாம். கீழே சரிவு குறைந்த மைதானமே போதும். கட்டைகளின் முன் நுனியைச் சேர்த்து, பின்னால் அகட்டி வைத்தால் பிரேக். முதல் ஒரு மணி நேரப் பாடம் அவ்வளவுதான். நான் 11 தடவை விழுந்தேன். ஒழுங்காகக் கற்க வேண்டுமென்றால், மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் அங்கேயே இருக்கிறது. 2020-இல் முதன்முதலில் நடந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியின் பனிச்சறுக்குப் பந்தயங்கள் நடந்ததும் இந்த ஊரில்தான்.

ஆளை உட்காரவைத்துப் பனியில் ஸ்லெட்ஜ் பலகை இழுப்பவர்கள் விடமாட்டார்கள். எங்களிடம் 1,500 கேட்டு 500-க்கு வந்தார்கள். மனிதன் மனிதனை இழுப்பதைப் பார்த்ததும் பழைய கைரிக்‌ஷா ஞாபகம் வந்தது. காசைக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தேன்.

ரூம் வாடகை அதிகம். ராத்திரி "புகாரி வேணுமா?" என்று கேட்டார்கள். மவுண்ட் ரோடு புகாரி ஹோட்டல் நினைப்பில் பிரியாணி என்று தலையாட்டினேன். விறகு அடுப்பைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். சாப்பாட்டில் குறையில்லை, அவர்களும் நம்மைப் போல சோறு சாப்பிடுகிறவர்கள். ஹாக் கீரையும் ராஜ்மாவும் பிடித்தது. உப்புப் போட்ட டீ எனக்குச் சரிவரவில்லை, குங்குமப்பூ, ஏலக்காய் போட்ட கஹ்வா டீ இரண்டு கப் குடித்தேன்.

ஒன்று மறந்துவிட்டேன்: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

திரும்பவும் போவோம். இந்தத் தடவை வாடகை பூட்ஸ் கிடையாது. கம்பெனி ஸ்டோரில் புது ஜோடி வந்திருக்கிறது, மனைவி தன் சைஸைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.