எதிர்நீச்சல்: அம்மாவோடு பார்த்த இரண்டேகால் வருடம்

சன் டிவியின் எதிர்நீச்சல் தொடர் 2022 பிப்ரவரியில் ஆரம்பித்து 2024 ஜூனில் முடிந்தது. மலேசியாவில், பினாங்கின் பிறை ஊரில் எங்கள் வீட்டு ஹாலில் நானும் அம்மாவும் ஒரு எபிசோட் விடாமல் பார்த்தோம். கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான் இதற்கும் இயக்குநர். அதில் வில்லன் ஆதி, இதில் வீட்டையே அடக்கி ஆளும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரன். அந்தப் பெயர் மேல் அவருக்கு என்ன கோபமோ.

தமிழ்நாட்டில் இரவு 9.30 என்றால் இங்கே நள்ளிரவு 12. எனக்குத் தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் காலை ஷிப்ட். ரெக்கார்டு போட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் பாலம் தாண்டி வீடு வந்த பிறகுதான் நாடகம். அம்மா பகலிலேயே ஒருமுறை பார்த்திருப்பார். ஆனாலும் என்னோடு மறுபடி உட்கார்ந்து, நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே, "பாரு, இப்ப கத்தப் போறான்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அதோடு, முதல் தடவை பார்ப்பது மாதிரியே குணசேகரனைத் திட்டவும் செய்வார்.

நல்ல இடங்கள் எல்லாம் அடுப்படியில்தான். அந்த வீட்டு மருமகள்கள் ஜனனி, ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா நான்கு பேரும் குரலைத் தாழ்த்திப் பேசும்போது நானும் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன். நந்தினியின் நக்கலுக்காகவே சில எபிசோடை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சமைத்து விற்று அவள் சொந்தமாகக் காசு பார்க்க ஆரம்பித்த கட்டம் எங்கள் தாமான் (குடியிருப்பு) பெண்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி விற்பவர், கேட்கவா வேண்டும்!

பொறுமையைச் சோதித்தது குணசேகரனின் தங்கை ஆதிரையின் கல்யாணம். மாப்பிள்ளை அருணா, கரிகாலனா என்று இழுத்த இழுப்பில் ஒரு வாரம் நான் பார்க்கவே இல்லை. திரும்பி வந்தபோது எல்லோரும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்கும் அப்படித்தான், கையெழுத்து இதோ அதோ என்றே மாதங்கள் ஓடின. யாராவது அதிர்ச்சியான ஒரு வார்த்தை சொன்னால் கூடத்தில் நிற்கும் அத்தனை முகத்தையும் வரிசையாகக் காட்டுவார்கள். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அதற்குள் கோப்பி கலக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. மதிய சாப்பாட்டு நேரத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். "ஏய் இந்தாம்மா" என்று வேலையிடத்தில் எங்கள் லைனில்கூட ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அன்று யாரும் கூப்பிடவில்லை. ஓவர்டைம் செய்ததில் எனக்கு இரண்டு எபிசோட் பாக்கி இருந்தது. ராத்திரி போட்டேன். அவர் வழக்கம்போல வீட்டு மருமகள்களைப் பார்த்துக் கத்துகிறார். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. கையில் எடுத்த நெத்திலியைக் கிள்ளாமலே வைத்திருந்தார்.

அடுத்த மாதம் குணசேகரன் வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். மிரட்டும் குரல், குறை சொல்ல முடியாத நடிப்பு. ஆனால் மாரிமுத்துவின் குணசேகரனிடம் ஒரு கிண்டல் இருந்தது, அவர் கொடுமை செய்யும்போதே நமக்குச் சிரிப்பும் வந்து தொலைக்கும். அது போன பிறகு வெறும் கொடுமைதான் மிச்சம். முடிவும் அவசரமாக முடித்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

2024 டிசம்பரில் "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்ற பெயரில் மறுபடி ஆரம்பித்தார்கள். இதில் ஜனனியும் வேறு ஆள். நான் சனிக்கிழமை மட்டும் பார்க்கிறேன், கதை ஒன்றும் தவறிப் போவதில்லை. அம்மா தினமும் பார்க்கிறார். வேல ராமமூர்த்தியை இன்னும் "புது ஆளு" என்றுதான் சொல்கிறார்.