நாஸ்ட்ரோ டாலரா, வாஸ்ட்ரோ ரூபாயா: திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு எது தோது?

"பேமெண்ட் போட்டாச்சுங்க, ஸ்விஃப்ட் காப்பி பாருங்க" என்று பையிங் ஹவுஸ்காரர் (வெளிநாட்டு பையருக்காக இங்கே ஆர்டர் பார்ப்பவர்) வங்கிகளுக்கிடையே போன பணச் செய்தியின் நகலை அனுப்பிவிடுவார். ஆனால் அந்த டாலர் திருப்பூர் கிளைக்கு நேராக வருவதில்லை. உங்கள் வங்கி நியூயார்க்கில் வேறொரு வங்கியில் வைத்திருக்கும் டாலர் கணக்கில்தான் வரவாகும். அது நாஸ்ட்ரோ. வெளிநாட்டு வங்கி நம்மூர் வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்தால் அது வாஸ்ட்ரோ. ரூபாயிலேயே ஏற்றுமதி, இறக்குமதி தீர்க்க 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி சிறப்பு வாஸ்ட்ரோவை அனுமதித்தது.

டாலர் வழியில் தலைவலி இடைத்தரகு வங்கிதான். 25,000 டாலர் இன்வாய்ஸுக்கு 24,960 வந்தால், காப்பியில் கட்டணக் குறியைப் பாருங்கள். 'எஸ்எச்ஏ' (கட்டணத்தை இரு தரப்பும் பகிர்வது) என்றிருந்தால் நடுவிலிருக்கும் வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்திருக்கும். அந்த 40 டாலரை வங்கிக் கட்டணமாக எழுதிக் கொடுக்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிப் பணக் கண்காணிப்புத் தளமான இடிபிஎம்எஸ்ஸில் ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணம்) பாக்கியோடு திறந்தே கிடக்கும். அதைவிடப் பெரிய கோளாறு, பழைய புரோஃபார்மாவை (பையருக்கு முன்கூட்டியே அனுப்பும், வங்கி விவரம் உள்ள இன்வாய்ஸ்) அப்படியே காப்பியடிப்பது. உங்கள் வங்கி நாஸ்ட்ரோவை வேறு வங்கிக்கு மாற்றியிருந்தால் பணம் பழைய இடத்தில் நிற்கும், இல்லையேல் திரும்பிப் போகும். ஆர்டருக்கு ஆர்டர் வங்கியிடம் புதிய விவரத்தை வாங்குங்கள். பணம் எங்கே நிற்கிறது என்று தேட அந்தப் பரிமாற்றத்தின் 36 எழுத்து அடையாள எண்ணான 'யூஇடிஆர்'-ஐ வங்கியிடம் கொடுத்தாலே போதும்.

ரூபாய் வழியில் நியூயார்க் இல்லை, உங்களுக்கு மாற்று விகித ரிஸ்க்கும் இல்லை; அது பையர் தலையில். இபிசிஜியில் (ஏற்றுமதி செய்வதாக உறுதி கொடுத்து சுங்கவரிச் சலுகையில் இயந்திரம் இறக்கும் திட்டம்) நிட்டிங் மெஷின் இறக்கியவர்கள் பயப்பட வேண்டாம், இந்த வசூலும் ஏற்றுமதிக் கடமையில் சேரும் என்று 2022 நவம்பரிலேயே வெளிநாட்டு வணிக இயக்குநரகமான டிஜிஎஃப்டி விதியைத் திருத்திவிட்டது. சிறப்பு வாஸ்ட்ரோ கணக்கு திறக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியும் 2025 ஆகஸ்ட் முதல் தேவையில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ரூபாய் எங்கிருந்து வரும்? அந்த நாட்டிலிருந்து நாம் வாங்கும் சரக்குக்குக் கட்டும் பணம்தான் பெரும்பாலும். ரஷ்யாவுக்கு இது பொருந்துகிறது. கச்சா எண்ணெய் வாங்குகிறோமே. அமெரிக்க, ஐரோப்பிய பையர் டாலரையோ யூரோவையோ விட்டு வர மாட்டார். டாலரில் பேக்கிங் கிரெடிட் (ஷிப்மெண்டுக்கு முந்தைய ஏற்றுமதிக் கடன்) எடுத்தவருக்கும் ரூபாய் வரவு ஒத்துவராது. கடனை அடைக்க டாலர் வாங்க வேண்டிவரும்.

பங்களாதேஷுக்கு நூல் அனுப்பும் மில்களுக்கு மூன்றாவது பாதை உண்டு: ஆசிய நாடுகள் சிலவற்றின் மத்திய வங்கிகள் சேர்ந்த ஆசிய கிளியரிங் யூனியனின் ஏசியு டாலர். மத்திய வங்கிகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிகரக் கணக்குத் தீர்க்கும். அதற்காக உங்கள் பணம் காத்திருப்பதில்லை. எல்சியில் (பையர் வங்கி தரும் கட்டண உறுதிக் கடிதம்) சாதா டாலரா, ஏசியு டாலரா என்று மட்டும் சரிபார்த்துவிடுங்கள்.

என் கணிப்பில் பின்னலாடைக்கு டாலர்தான், ரூபாய் ரஷ்யா மாதிரி ஆர்டருக்கு. ரூபாய் என்று முடிவானால், பையர் வங்கியின் வாஸ்ட்ரோ எந்த வங்கியில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். உங்களுடையது வேறு வங்கி என்றால், ஏற்றுமதிப் பணம் என்ற விவரமும் பணம் எதற்கு என்று காட்டும் பர்பஸ் கோடும் கூடவே வருமா என்பதை ஷிப்மெண்டுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெறும் உள்நாட்டு வரவாக வந்து விழுந்தால் ஷிப்பிங் பில்லோடு சேர்க்க அலைய வேண்டியிருக்கும்.