மேசையை 7 அங்குலம் உயர்த்தியவர்

குன்னூரில் தாத்தா காலத்திலிருந்து வர்க்கி போடுகிறோம். இன்றும் விறகடுப்புதான். வேலைக்கு 6 பேர். "வேலையிட உளவியல் ஆலோசனை" என்ற ஒன்றுக்கு நான் 18,000 ரூபாய் கொடுத்ததைப் பார்க்க அப்பா உயிரோடு இல்லை, நல்லவேளை. ஆலோசகர் 3 முறை வந்துபோனார். 4 மாதம் ஓடிவிட்டது. இனி எழுதினால்தான் நியாயமாக இருக்கும்.

கூப்பிட்ட காரணம் எளிது. ஏப்ரலில், சீசன் தொடங்கும் நேரத்தில், 2 பையன்கள் ஒரே வாரத்தில் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். கூலியைக் கூட்டித் தருகிறேன் என்றேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆலோசகராக வந்த அம்மா உளவியல் படித்தவர். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் நலப் பிரிவில் 19 ஆண்டுகள் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, பக்கத்து வெலிங்டனில் வீட்டு முன்னறையிலேயே தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறார். முதல் ஆண்டில் வாடிக்கையாளர்கள் மூன்றே பேர், அதில் ஒருவர் பணமே தரவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முன்பணம் கேட்பதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

முதல் நாள் விடியற்காலை 4 மணிக்கு மங்கி குல்லாவோடு வந்தவர், மைதா மூட்டை மேல் உட்கார்ந்து நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தார். 8 மணி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்கா பணம் என்று எனக்குள் புகைந்தது. பிறகு நோட்டைக் காட்டினார். மாவு பிசைகிறவர் ஒரு மணி நேரத்தில் 41 முறை குனிந்திருக்கிறார். மூட்டை தரையில், மேசையோ அவர் தொடை உயரத்தில். என் தாத்தா குள்ளம். அவர் உயரத்துக்குச் செய்த மேசை அது. மூன்று தலைமுறையில் யாருக்கும் அது தோன்றவில்லை.

டீ குடிக்கும்போதுதான் லில்லியன் கில்பிரெத் கதையைச் சொன்னார். 1878-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். கணவர் ஃபிராங்க் செங்கல் அடுக்கும் கொத்தனாராகத் தொடங்கியவர். கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிய வேண்டாமே என்று உயரம் மாற்றக்கூடிய சாரம் அமைத்தவர். லில்லியனுக்கு அசைவைவிட மனிதர்மேல்தான் கண். 1914-இல் நிர்வாக உளவியல் பற்றி அவர் எழுதிய நூலில், பெண் என்று தெரியக் கூடாதென்று முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். மறு ஆண்டே முனைவர் பட்டம். பெற்ற பிள்ளைகள் 12. 1924-இல் கணவர் திடீரென்று இறந்ததும், ஒரு பெண்ணிடம் என்ன ஆலோசனை என்று, இருவரும் சேர்ந்து நடத்திய ஆலோசனை நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் கழன்றுகொண்டார்கள். அவர் நிறுவனத்தை மூடவில்லை. வீட்டிலேயே வகுப்பு நடத்தினார், கடைகளுக்கு ஆய்வு செய்தார், சமையலறைப் பக்கம் திரும்பினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் தட்டுகளும் அவர் பெயரோடு சொல்லப்படுபவை. 1935-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1972-இல் காலமானார். இதைச் சொன்னபோது அந்த அம்மாவின் டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

மேசைக்குக் கீழே கட்டை கொடுத்து 7 அங்குலம் உயர்த்தினோம். செலவு 900 ரூபாய். மூட்டைக்கு ஒரு மரத்திட்டு. பாக்கெட் போடும் அக்காக்கள் இருவருக்கும் உயரமான ஸ்டூல். வேலைக்கு நடுவே இரண்டு முறை 10 நிமிட ஓய்வு. உற்பத்தி கூடியதா என்று கேட்பீர்கள், கூடவில்லை. ஆனால் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு மாவு பிசையும் காட்சி நின்றுவிட்டது. வர்க்கியில் தைல வாசனை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எல்லாமே பலித்துவிடவில்லை. அடுப்படியில் நாற்காலி போடச் சொன்னார். அடுப்புப் பெரியவர் என்னை அரைக்கால் சட்டையில் பார்த்தவர். "தம்பி, உட்கார்ந்தால் தூங்குவேன், தூங்கினால் கருகும்" என்று சொல்லி, நாற்காலியில் விறகை அடுக்கிவிட்டார். அறிக்கை 3 வாரம் தாமதமாக வந்தது. அதுவும் 14 பக்கம், ஆங்கிலத்தில். வேலை செய்பவர்களைப் பற்றிய அறிக்கை அவர்களால் படிக்க முடியாத மொழியில் எதற்கு? கேட்டேன். தமிழில் 2 பக்கம் எழுதித் தந்தார். அதுதான் உருப்படியாக இருந்தது.

மூன்றாம் முறை வந்தபோது கல்லாவுக்குப் பின்னால் என்னைத் தனியாக உட்கார வைத்தார். ஓடிப்போன இருவரிடமும் போனில் பேசியிருக்கிறார். கூலி அல்ல காரணம். கருகிய தட்டை வாடிக்கையாளர் முன்னால் தூக்கிக் காட்டி, "இது யார் கைவேலை?" என்று நான் கேட்பேனாம். கேட்பேன்தான், அப்பாவும் அப்படித்தான் கேட்பார். இருவரில் யார் சொன்னது என்று கேட்டேன். நோட்டை மூடிக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். எனக்குக் கோபம்தான். இருந்தாலும், சொன்னவன் பெயரை அந்த அம்மா சொல்லியிருந்தால் மீதி 6 பேரும் அவரிடம் வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்பது வீட்டுக்குப் போகும் வழியில் உறைத்தது.

4 பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர்கள் கூப்பிடலாம். வேகத்தைக் கூட்டித் தருவார் என்று எதிர்பார்த்தால் வேண்டாம். அறிக்கை தமிழில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவர் சொல்லி வாங்கிய மிதி குப்பைத்தொட்டி மாவுக் கைக்கு நல்ல வசதி. மிதிகட்டை மட்டும் இரண்டாம் மாதமே கழன்றுவிட்டது. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோம்.